விதைப்பூண்டு மூட்டையில் இருபத்துநான்கு பக்கம்

கூக்கால் ஏரி என் முதுகுக்குப் பின்னால் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, கம்பளித் தொப்பி, போன் சார்ஜர். கையில் ஒரு சப்பாத்திப் பை. எட்டு மாதம் வேலை பார்த்த தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது என்னிடம் இருந்தது அவ்வளவுதான். இருந்திருக்க வேண்டிய இன்னொன்று, எனக்கு ஒரு மணி நேரம் முன்னால், ஒரு பிக்கப் வண்டியில் கொடைக்கானலுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் கையால் எழுதிய இருபத்துநான்கு பக்கம். அன்று சனிக்கிழமை. சாயங்காலம் நான்கு மணிக்குள் அதைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருஷப் படிப்பு, நான் அதை நான்கு வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தேன், அதோடு முடிந்தது.

காலை பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். அதனால் நடந்தேன். பிரிவு ரோட்டுக்குப் போய்விட்டால் கேரட் ஏற்றிக்கொண்டு ஏதாவது வண்டி வரும்.

அந்தப் பக்கங்கள் எப்படி வண்டியேறின என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலுக்கு மேலே இருக்கும் மேல்மலை ஊர்களில் காகிதத்தைக் காப்பாற்றுவது பெரிய பாடு. மூடுபனி ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று எழுதிய தாள் இன்று நமத்துப்போன அப்பளம் மாதிரி வளையும். மை ஊறிப் பரவும். அதனால் அங்கே ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் பூண்டுப் பரணில்தான் இருக்கும். அறுத்த பூண்டைக் கத்தை கத்தையாகக் கட்டிப் பரணில் தொங்கவிட்டு, கீழே எரியும் அடுப்பின் புகை படும்படி வைத்திருப்பார்கள். புகை பட்ட பூண்டு மாதக்கணக்கில் கெடாது. காகிதமும் அப்படித்தான். ஈரம் அண்டாது, பூச்சி அரிக்காது. என்ன, கொஞ்சம் பழுப்பாகும். வாசனையும் ஏறும்.

நான் தங்கியிருந்தது தோட்டத்துக்காரரின் பூண்டுக் கொட்டகையில். பரணின் கடைசி மூலையில் ஐந்து மூட்டை விதைப்பூண்டு இருந்தது. மற்றப் பூண்டு வரும், போகும். விதைப்பூண்டை மட்டும் நடவு வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். வீட்டில் ரசத்துக்கு ஒரு பல் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பார்களே தவிர, அந்த மூட்டையை அவிழ்க்க மாட்டார்கள். ஆகவே எழுதிய பக்கங்களை அவ்வப்போது மஞ்சப்பையில் சுற்றி, அந்த மூட்டைகளில் ஒன்றின் வாய்க்குள் செருகிவைத்தேன். அந்த ஊரில் பேங்க் லாக்கர் என்று ஒன்று இருந்தால் அது அதுதான்.

அன்று வெள்ளனே எழுந்து கேரட் பாத்திக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தேன். ஏழு மணிக்குத் திரும்பிவந்து பார்த்தால் பரணின் மூலை காலி.

தோட்டத்துக்காரர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வெதை மூட்டையெல்லாம் எங்கண்ணே?”

“வித்துட்டேன்ப்பா. வண்டி இப்பத்தான் போகுது.”

“வெதையவா?”

“இந்தத் தடவ பூண்டு போடல. முட்டி ரெண்டும் போச்சு. நெலத்தக் கேரட்டுக்குக் குத்தகைக்குக் கேக்குறாங்க, விட்டுறலாம்னு பாக்குறேன். சாயங்காலம் உன்கிட்டச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“மூட்டைக்குள்ள என் காலேஜ் தாள் கெடக்குண்ணே. இன்னைக்குக் குடுக்கணும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஏலே, வெதை மூட்டைக்குள்ள எவனாச்சும் தாள வப்பானா?”

“வெதை மூட்டைய எவனாச்சும் விப்பானான்னு நெனச்சுத்தாண்ணே வச்சேன்.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. “நல்லாக் கேளு தம்பி! நானும் ரெண்டு நாளா அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்.”

அவர் வண்டி டிரைவருக்குப் போன் போட்டார். மலைப் பாதையில் டவர் இல்லை. மறுபடியும் போட்டார். பிறகு, “பஜார்ல ஒரு பாய் கடைக்குப் போகுது. பச்ச ஷட்டர். மாடிப்படிக்குக் கீழ இருக்கும்” என்றார். பூண்டு நடவு இல்லையென்றால் எனக்கு அங்கே வேலையும் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அவர் மனைவி நான்கு சப்பாத்தியைச் சுருட்டி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். கோபதாபம் ஒன்றுமில்லை. கிளம்பிவிட்டேன்.

நான் தாளைக் கொடுக்கவேண்டியது என் மூன்றாவது கல்லூரியில்.

முதல் கல்லூரிக்குப் போனபோது வயது பதினெட்டு. வீடு அய்யம்பாளையத்தில். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். பத்தொன்பது நாள் போனேன். இருபதாம் நாள் வத்தலக்குண்டில் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு தேங்காய் லாரி பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் எங்கள் தெருக்காரர். “கேரளா வரைக்கும் வர்றியாடா, பேச்சுத் துணைக்கு?” என்றார். கெமிஸ்ட்ரி ரெகார்டு நோட்டோடு ஏறிவிட்டேன். திரும்பிவர ஒன்றரை வருஷம் ஆனது. இதற்கு ஒரு காரணம் சொல்லச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கஷ்டமா, வாத்தியார் அடித்தாரா, காதல் தோல்வியா என்று. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. லாரி நின்றது, ஏறினேன். அந்த வயதில் கல்லூரி என்பது எங்கும் ஓடிப்போகாது என்று நினைத்தேன். அது உண்மைதான். நான்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, முப்பத்தொரு வயதில். கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காலையில் மட்டும் நடக்கும் ஒரு வருஷ ஹோட்டல் படிப்பில் சேர்ந்தேன். உடன் படித்த பையன்கள் எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. என்னை அங்கிள் என்றார்கள். அப்போது அது சுருக்கென்றது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவேன். வாத்தியார் எழுப்பமாட்டார், பாவம் என்று விட்டுவிடுவார். அதுவும் சுருக்கென்றது. பத்தாவது மாதம் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வலது பாதம் வெந்தது. இரண்டு மாதம் படுத்திருந்தேன். எழுந்து போனபோது அடுத்த வருஷப் பையன்கள் வந்திருந்தார்கள்.

பாதம் இப்போது நன்றாக இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பாதத்தை வைத்துத்தான் பிரிவு ரோடு வரை நடந்தேன்.

பிரிவில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு ஒரு கேரட் வண்டி வந்தது. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஏற்றிக்கொண்டான்.

“எங்கண்ணே, ஆஸ்பத்திரிக்கா?”

“காலேஜுக்கு.”

“பிள்ளையச் சேத்துருக்கீங்களா?”

“நாந்தான் படிக்கிறேன்.”

அவன் ரோட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “வளைவு வருது, முன்னால பாரு” என்றேன்.

“எந்த வருசம்ணே?”

“மூணாவது.”

“முடிச்சுட்டு?”

“முடிச்சுட்டு என்ன? முடிஞ்சிரும்.”

அவனுக்கு அது பெரிய ஜோக்காகிவிட்டது. பூம்பாறையில் இன்னும் பத்து மூட்டை ஏற்றும்போது அங்கிருந்த ஆட்களிடம், “ஏலே, வழி விடுங்கடா, ஸ்டூடண்ட் எறங்கணும்” என்றான். ஒரு பெரியவர் நிஜமாகவே வழி விட்டார். அங்கே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. நானும் மூட்டை தூக்கினேன். அப்படியாவது வண்டி வெரசாகக் கிளம்பட்டும் என்றுதான்.

பூம்பாறை தாண்டியபோது போனில் டவர் வந்தது. அக்காவுக்குப் போட்டேன்.

அக்கா என்பது அட்டுவம்பட்டியில் இருக்கும் ஒரு சமையல்காரம்மா. என் வகுப்புத் தோழி, அவருக்கும் ஒரு பரீட்சை பாக்கி. வயது ஐம்பத்துநான்கு. ஒரு ஹாஸ்டல் பள்ளியின் சமையல் கட்டில் அவர் தலைமைச் சமையல், நான் சில மாதம் காய் வெட்டுகிற ஆள். ஒரு நாள் வெங்காயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு விண்ணப்பப் படிவத்தை நீட்டி, “இந்தப் பொடி எழுத்த வாசி தம்பி, கண்ணு தெரியல” என்றார். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பொருளியல். எதற்கு அக்கா என்று கேட்டேன். “எம் மக படிச்சு முடிச்சுட்டா. அவ புஸ்தகமெல்லாம் அப்படியே கெடக்கு. எடைக்குப் போட மனசு வரல” என்றார். படிப்பதற்கு அதைவிடச் சரியான காரணம் இதுவரை நான் கேட்டதில்லை. பொடி எழுத்தையெல்லாம் வாசித்து முடித்தபோது, “இன்னொரு ஃபாரம் இருக்கா?” என்று கேட்டேன்.

கொடைக்கானல் ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் சனி, ஞாயிறு வகுப்புகள் நடந்தன. வார நாட்களில் பிள்ளைகள் படிக்கும் அறை. பெஞ்சுகளில் இதயமும் அம்பும் கீறிவைத்திருக்கும். அதில் நாங்கள் முப்பது பேர் போய் உட்காருவோம். பேக்கரியில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், வயது அறுபத்தொன்று. அவர் வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து நின்றுதான் பதில் சொல்வார். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரிப்பாள். ஆறு மாதத்தில் அவளும் எழுந்து நிற்க ஆரம்பித்தாள், கிண்டலுக்கு. பிறகு எல்லாரும் நின்றோம், கிண்டல் எப்போது விட்டது என்று தெரியவில்லை. என் எண்ணைக் கூப்பிடும்போது நான் அங்கே இருக்கிறேன் என்று சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு இடத்தில் இருப்பதற்காக என் பெயருக்கு நேரே யாரோ டிக் போடுவது என் வாழ்க்கையில் அதிகம் நடந்ததில்லை.

பதினெட்டு வயதில், வகுப்பில் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றில் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது நாற்பத்தைந்தில் போர்டைப் பார்க்கிறேன், ஆனால் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை. அக்காவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வேன். அவர் எழுதும்போது திருப்பி வாங்கிக்கொள்வார். ஒரு கண்ணாடியில் இரண்டு பட்டம் வாங்கப் பார்க்கிறோம் என்று பேக்கரிப் பெண் சொல்லுவாள்.

மூன்றாம் வருஷம் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியின் ஒரு விளைபொருள் விவசாயியிடமிருந்து நுகர்வோரிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று கையால் எழுத வேண்டும். முந்தைய வருஷமே எழுதியிருக்க வேண்டியது. அப்போது நான் வயநாட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன், தேதி தாண்டிவிட்டது. எங்கள் படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். “இந்தத் தடவையும் விட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது சார். உங்க பதிவே போயிரும்” என்று சொல்லியிருந்தார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதனால் பயமாக இருந்தது.

அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன்.

“வெதை மூட்டைக்குள்ளயா?”

“ஆமாக்கா.”

“சரியாத்தான் வச்சிருக்க. அவன் எதுக்கு அத வித்தான்?” அக்காவுக்கும் சொந்த ஊர் மேல்மலைதான். “நா மூணு மணிக்கே போய் மேடம் ரூம் வாசல்ல உக்காந்துக்கிறேன். எந்தச் சந்தேகத்தையாவது கேட்டு நிறுத்தி வைக்கிறேன். நீ வெரசா வா.”

சனிக்கிழமை டூரிஸ்ட் நெரிசல். ஊருக்குள் நுழையும் இடத்தில் கார்கள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. இறங்கி நடந்தேன். பச்சை ஷட்டர் கடையைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டே முக்கால்.

கடை சின்னதுதான். பூண்டு மூட்டைகள், ஒரு தராசு, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதுகூட ஆகியிருக்காது. அவர் முன்னால் என் மஞ்சப்பை விரித்துக் கிடந்தது. கையில் என் பக்கங்கள்.

“பாய், அது என்னோடது” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க எழுதுனதா? உக்காருங்கண்ணே. இன்னும் மூணு பக்கம் இருக்கு.”

“நாலு மணிக்குள்ள காலேஜ்ல குடுக்கணும் பாய்.”

“சாப்பிடக்கூடப் போகாம வாசிச்சுக்கிட்டிருக்கேன். மூணு பக்கத்துக்கு விட மாட்டீங்களா?”

வேறு வழியில்லாமல் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவர் நிதானமாக வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நானும் பி.காம். முடிச்சவன்தான். எல்லாம் கைடப் பாத்து எழுதுனது. மூணு வருசத்துல சொந்தமா ஒரு வரி எழுதல.” பக்கங்களைத் திருப்பினார். “பதினோராம் பக்கத்துல என்னையப் போட்டுத் தாளிச்சிருக்கீங்களே?”

“உங்கள இல்ல பாய். பொதுவா வியாபாரின்னு.”

“இந்த பஜார்ல மலைப்பூண்டு வாங்குறது நாலே பேரு. ஒண்ணு எங்க மாமா. ரெண்டு பேரு எங்க மச்சான்மாரு. பொதுவான்னா மிச்சம் யாரு?”

நான் எழுந்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“உக்காருங்கண்ணே. வியாபாரி வெலைய அமுக்குறான்ங்கிறதெல்லாம் எங்க வாப்பா காலத்துலருந்து கேக்குறதுதான். பாதி உண்மைதான், அந்த வரிய அடிக்க வேணாம். இது வேற.” பதினான்காம் பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். “‘மேல்மலை விவசாயி எவ்வளவு நெருக்கடி வந்தாலும் விதைப்பூண்டை விற்பதில்லை. தனக்கும் சந்தைக்கும் நடுவில் அவன் போட்டு வைத்திருக்கும் கோடு அது.’ நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டு தடவ வாசிச்சேன்.” பக்கத்தை மேஜையில் வைத்தார். “ஆனா இந்தத் தாள் எந்த மூட்டைலருந்து என் கைக்கு வந்துச்சு?”

அவர் காலடியில் அந்த மூட்டை வாய் திறந்து கிடந்தது.

அது எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். அதை எழுதிய அன்று அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து அந்தத் தாள்களின் பின்னாலேயே ஓடிவந்தும், அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. மேடத்துக்கு விதைப்பூண்டு விஷயம் தெரியாது. அப்படியே கொடுத்துவிடலாம். மணி மூன்று.

“ஒரு வெள்ளத் தாள் இருக்குமா பாய்?” என்றேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு தாள் வாங்கிவந்தார். பேனாவும் கொடுத்தார். மேஜையைக் காலி செய்துகொடுத்தார். பதினான்காம் பக்கத்து வாக்கியத்தை நான் அடிக்கவில்லை. ஓரத்தில் ‘பக்கம் 25 பார்க்க’ என்று எழுதினேன். இருபத்தைந்தாம் பக்கத்தில், இன்று காலை ஏழு மணிக்கு என்ன நடந்தது என்று எழுதினேன். விதைப்பூண்டை விற்கமாட்டார்கள் என்று நம்பித்தான் இந்தக் கட்டுரையையே விதை மூட்டைக்குள் வைத்தேன் என்றும், அது விற்கப்பட்டுவிட்டது என்றும், விற்றவருக்குப் பேராசை இல்லை, முட்டி வலிதான் என்றும், அதனால் பதினான்காம் பக்கத்தில் நான் சொன்னது எப்போதும் உண்மை இல்லை, ஆள் இருக்கும்வரை உண்மை என்றும் எழுதினேன். எழுத்து எப்போதும்போலக் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. கடைக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முட்டி வலின்னு நல்லாப் போட்டீங்க” என்றார். “ஏறுங்க, ஸ்கூட்டர்ல விட்டுர்றேன். நடந்தா நாலரை ஆயிரும்.”

கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார். பக்கங்களைச் சட்டைக்குள் வைத்திருந்தேன். வழியில், “வெதையையே வித்துட்டாருன்னா உங்களுக்கு இனி அங்க சோலி இல்லியே?” என்று கேட்டார்.

“இல்லதான்.”

“நாளைக்குக் காலைல கடைக்கு வாங்க. சந்தை நாளு. பூண்டத் தரம் பிரிக்க ஆளில்லாம முழிச்சுக்கிட்டிருக்கேன். என்னையத் திட்டி எழுதுனவரு கை சுத்தமாத்தான் இருக்கும்.”

கல்லூரி வாசலில் இறங்கும்போது நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அலுவலகத்தில் அக்கா மேடத்துக்கு எதிரே உட்கார்ந்து, பணவீக்கத்தைப் பற்றி மூன்றாவது முறையாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மேடத்தின் முகத்தில் களைப்பு. என்னைப் பார்த்ததும் அக்கா, “இப்பப் புரிஞ்சிருச்சு மேடம்” என்று எழுந்துவிட்டார்.

பக்கங்களை மேஜையில் வைத்தேன். மேடம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

“சார், இது பழசு.”

“இல்ல மேடம், இந்த வருஷம் எழுதினது.”

“பேப்பரைப் பாருங்க, பத்து வருஷமாயிருக்கும்போல. பழைய செட்டுல யாரோ எழுதினதை வாங்கிக் குடுக்கிறதெல்லாம் எனக்குத் தெரியும். போன வருஷம் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன்.” குரல் தாழ்ந்தது. “உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல.”

தாள்கள் உண்மையிலேயே டீத்தூள் டப்பாவில் கிடந்த மாதிரிதான் இருந்தன. அக்கா குனிந்து ஒரு பக்கத்தை முகர்ந்தார்.

“மேடம், இது வயசு இல்ல. பொகை. மோந்து பாருங்க.”

“என்னம்மா?”

“சும்மா மோந்து பாருங்க மேடம்.”

மேடம் தயங்கி மூக்கருகே கொண்டுபோனார். “ரசம் மாதிரி இருக்கு” என்றார். சிரிக்கவில்லை. “இதை வச்சு நான் எப்படி நம்புறது?”

“கடைசிப் பக்கம் பாருங்க” என்றேன்.

பழுப்புத் தாள்களுக்கு அடியில் அந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. மை இன்னும் சரியாகக் காயவில்லை. மேடம் வாசித்தார். பிறகு பதினான்காம் பக்கத்துக்குப் போனார். ஓரத்துக் குறிப்பைப் பார்த்தார். மறுபடியும் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டார். ஒரே கோணல்.

“இன்னைக்குக் காலைல நடந்ததா இது?”

“ஏழு மணிக்கு மேடம்.”

“மூட்டையை வாங்கின கடைக்காரர்?”

“வெளிய ஸ்கூட்டர்ல நிக்கிறாரு. கூப்பிடவா?”

“வேண்டாம் வேண்டாம்.” முத்திரையை எடுத்தார். இருபத்தைந்து பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார், ஒவ்வொன்றாக. கடிகாரம் நான்கைத் தாண்டியது, அவர் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் மொத்தக் கட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேலே இன்னொரு உறை போட்டார். “மத்த பேப்பர்ல எல்லாம் வாசனை ஏறிரும்” என்றார். அப்போதுதான் சிரித்தார். ரசீது கொடுத்தார். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வரும் என்றார்.

வெளியே வந்து, ரசீதைக் காட்டிக் கடைக்காரரை அனுப்பியதும் அக்கா என் கையிலிருந்த பையைத் திறந்து பார்த்து, மிச்சமிருந்த இரண்டு சப்பாத்தியை எடுத்தார். ஒன்றை எனக்குக் கொடுத்து ஒன்றைத் தான் சாப்பிட்டார். “பணவீக்கம் நெசமாவே புரிஞ்சிருச்சு தம்பி” என்றார். “மூணு தடவ கேட்டா எதுவும் புரியும்போல.”

அன்று அக்காவின் சமையல் கட்டுக்குப் பின்னாலிருந்த ஸ்டோர் ரூமில் படுத்தேன். காலை ஆறரைக்குப் பச்சை ஷட்டர் கடையில் இருந்தேன். கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். ஒரு சாக்கை விரித்து, கூக்கால் மூட்டையைக் கொட்டி, என் முன்னால் தள்ளினார்.

“பெருசு, நடுத்தரம், பொடி. மூணாப் பிரிங்கண்ணே. பெருசுல பல்லு பெருசா, கெட்டியா இருக்கிறத மட்டும் தனியா வைங்க. அது சமையலுக்குப் போகாது.”

“பெறகு?”

“மேல்மலைல மன்னவனூர்லருந்து ஒரு வெவசாயி பத்து மணிக்கு வர்றாரு. வெதைக்குக் கேட்டிருக்காரு.”

நான் அவரைப் பார்த்தேன். என் இருபத்தைந்தாம் பக்கத்தில் இது இல்லை.

“என்னண்ணே?”

“ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டுச் சாக்கின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, முதல் கத்தையை அவிழ்த்தேன். பெரிய பூண்டுகளை வலது பக்கம் வைக்க ஆரம்பித்தேன்.